ஆறு சொட்டு மேரி

பாக்கியமேரி முதலில் கேட்பது கையைத்தான். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகிய வீட்டுக்குள் நுழைந்தால், எத்தனை முத்து போட்டிருக்கிறது, யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்ற விசாரணையெல்லாம் அவரிடம் கிடையாது. பாயோரம் சம்மணம் போட்டு உட்காருவார், மடியில் பழைய செய்தித்தாளை விரிப்பார், "கைய குடு நைனா" என்பார். பத்து விரல் நகங்களையும் ஒட்ட வெட்டி முடித்த பிறகுதான் மற்ற பேச்சு. பிள்ளைக்கு முடிந்ததும் பக்கத்தில் நிற்கும் தாயின் பக்கம் திரும்புவார். "நீங்களும் குடுங்க. தொட்டு வெக்கிற கையில நகம் இருக்கக் கூடாது." பிறகு நகத்துணுக்குகளைக் காகிதத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு, நகவெட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துப் பைக்குள் வைப்பார்.

இரண்டாவது கேள்வி, "டாக்டராண்ட காட்டிட்டீங்களா?" இல்லை என்றால் எழுந்துவிடுவார். காட்டிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன் என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிடுவார். வீட்டில் பிள்ளைத்தாச்சியோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று கறாராகச் சொல்வார். இத்தனைக்கும் பிறகுதான் தோளில் தொங்கும் ரெக்சின் பையின் ஜிப் திறக்கும். உள்ளே பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டிகள், கட்டை விரல் உயரம், ஒவ்வொன்றின் மூடியிலும் பேனாவால் ஓர் எழுத்து. லாவண்டருக்கு 'லா'. டீ ட்ரீக்கு 'டீ'. "டீத்தூள் மரம் இல்லம்மா இது, வேற மரம்" என்று அதை மட்டும் எல்லா வீட்டிலும் விளக்க வேண்டியிருக்கிறது.

காவாந்தண்டலம் காலனியில் வீடு. வயது நாற்பத்தெட்டு. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் உத்திரமேரூர் தாலுகாவின் பாதி ஊர்களைச் சுற்றி வருகிறார். தலைவலி, கால்குடைச்சல், சளி என்று தைலம் விற்பதுதான் பிழைப்பு. அம்மை வீடுகளுக்குப் போவது பிழைப்பில் சேராது. அங்கே அவர் விற்பது குறைவு, உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். முப்பது மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு தைலம் என்பது அவர் கணக்கு. ஏழாவது சொட்டு கேட்டுக் கெஞ்சினாலும் விழாது. அதனால் 'ஆறு சொட்டு' என்பது பட்டப்பெயராகிவிட்டது. "ஆறு சொட்டு வர்றா பாரு" என்று பேருந்து நிறுத்தத்தில் கிண்டல் செய்பவர்களைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டுத்தான் போவார்.

பூ வைத்துக்கொள்ள மாட்டார், பவுடர் போட மாட்டார். மூக்கு கெட்டுப்போகும் என்பார். மீன் வாங்கினால் மீனை முகர மாட்டார், மீன்காரியின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நேத்து மீனும் கலந்துக்கீது" என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்குவார். இப்படி மூக்கால் பிழைக்கிறவருக்கு வாய்த்த புருஷன் பீட்டருக்கோ கொரோனா வந்துபோனதிலிருந்து வாசனை தெரியாது. சோறு தீய்ந்தால்கூட அவருக்கு மேரிதான் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழில் அவருக்கு வந்தது சென்னையில், ஒரு மசாஜ் நிலையத்தில். ஏழு வருடம் அங்கே துண்டு துவைத்தார், தரை துடைத்தார், எண்ணெய்க் கிண்ணம் கழுவினார். எந்தத் தைலத்தை எந்த அளவில் எதில் கலக்க வேண்டும் என்ற பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே ஏழு வருடம் படித்தால் பட்டியல் மனப்பாடம் ஆகாமலா போகும்? ஊர் திரும்பிய கோடையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. அரிப்பில் இரவும் பகலும் கத்திக்கொண்டிருந்தது. ஈரத்துணியில் இரண்டு சொட்டு லாவண்டர் விட்டு ஜன்னலில் கட்டினார் மேரி. குழந்தை தூங்கியது. குழந்தையின் தாயும் தூங்கினாள். அதற்குத் தைலம் பாதிக் காரணம், மேரி மடியில் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மீதிக் காரணம் என்று அவருக்கே தெரியும். அவர் அதை ஒளிப்பதும் இல்லை.

"தைலம் அம்மாவைத் தொரத்தும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அரிப்பு கொஞ்சம் மறக்கும், கண்ணு கொஞ்சம் சொருவும். அவ்ளோதான் அதோட வேல."

அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் ஆகாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, குழம்பு தாளிக்கிற வாசனைகூடக் கிளம்பக் கூடாது, தலைக்கோ உடம்புக்கோ ஒரு துளி தடவக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றி அம்மாவை வழியனுப்பும்வரை அதுதான் சட்டம். தைலக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. மேரி அந்தச் சட்டத்தோடு சண்டை போடுவதில்லை. "நாங்க வேதக்காரங்க. ஆனா அம்மா வந்த வூட்ல அம்மா சொல்றதுதான்" என்று செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவார். தண்ணீர் ஊற்றும்வரை வெறும் ஈரத்துணி வாசனை மட்டும். ஊற்றிய பிறகு, பொருக்கு காய்ந்து அரிப்பு உயிரை எடுக்கும் நாட்களில், தேங்காய் எண்ணெயில் ஆறு சொட்டு. அதுவும் அவர் கையாலேயே கலந்து, முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு. புட்டியை யார் கையிலும் கொடுப்பதில்லை.

ஒரு காலத்தில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. "பதினாலு வருசமா ஒக்காந்துக்கினு கீறேன். என் கை பட்ட ஒரு கொயந்த மூஞ்சில ஒரு குழி கெடையாது" என்று சொல்வார். இப்படிச் சொல்கிறவரின் இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு அள்ளித் தெளித்திருக்கும் என்பதால், கேட்பவர்கள் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இப்போது அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டார். புது வீட்டுக்குப் போனால், நகம் வெட்டும்போதே சொல்லிவிடுகிறார்:

"என் கையில ஒரு பொண்ணுக்கு ஒரு குழி வுழுந்துக்கீது. சாலவாக்கத்துல. விசாரிச்சிட்டு வேணும்னா வெச்சிக்கோங்க, வேணாம்னா போய்க்கினே இருக்கேன்."

அந்தப் பெண் பூஜா. ஏனாத்தூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறவள், பத்தொன்பது வயது. போன பங்குனியில் உடம்பெல்லாம் முத்தோடு விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அப்பா சேட்டுவுக்கு சாலவாக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையுமாக ஐந்து ஏக்கர். டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கியாகிவிட்டது. பெண் சொறிந்து சொறிந்து முகத்தைக் கெடுத்துக்கொள்வாளோ என்ற பயத்தில்தான் மேரிக்கு ஆள் போனது.

மேரி போய்ப் பூஜாவின் நகத்தை வெட்டினார். பிறகு வழக்கம்போல் தாய் செவ்வந்தியின் பக்கம் திரும்பிக் கையைக் கேட்டார். செவ்வந்தி கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எனுக்கு வேணாம் மேரி. அத்த அப்படிப் படிமேல வெச்சிட்டுப் போ. நானே வெட்டிக்கிறேன்."

மேரி நகவெட்டியைப் படிமேல் வைத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது காகிதக் கப்பில் வந்தது. அம்மை வீட்டுப் பாத்திரத்தை வெளியாள் புழங்கக் கூடாது என்பது சரியான காரணம்தான். ஆனால் அம்மை இல்லாத வீடுகளிலும் மேரிக்குக் காகிதக் கப்பே வரும், அதனால் அவர் காரணம் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஜன்னலில் ஈரத்துணியைக் கட்டி, பெண் தூங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். படிமேல் வைத்த நகவெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. உத்திரமேரூர் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

முதல் தண்ணீர் ஊற்றியது ஏழாம் நாள். அன்று சாயங்காலமே சேட்டு பைக்கை எடுத்துக்கொண்டு காவாந்தண்டலத்துக்கு வந்து நின்றார்.

"மேரி, பேஜாரா கீது. அரிப்பு தாங்கல அவளுக்கு, அயுதுக்கினே கீறா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

மேரிக்கு அன்று முடியாது. மறுநாள் விடிந்ததும் பீட்டரைக் கண் பரிசோதனைக்குச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், மூன்று முறை தள்ளிப்போன தேதி. லாவண்டரும் தீர்ந்திருந்தது. சேட்டுவின் முகத்தைப் பார்த்தார். பதினாலு வருடத்தில் செய்யாததைச் செய்தார். 'டீ' என்று எழுதிய புட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மொதத் தண்ணி ஊத்தியாச்சு இல்ல?"

"ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு."

"அப்போ செரி. தேங்காண்ணெயில ஆறு சொட்டு. முப்பது மில்லி எண்ணெ. மொதல்ல மொழங்கையில தடவிப் பாக்கச் சொல்லுங்க." ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

எத்தனை தண்ணீர் உங்கள் வீட்டு வழக்கம் என்று அவர் கேட்கவில்லை. காலனியிலும் பக்கத்து ஊர்களிலும் முதல் தண்ணீரோடு எண்ணெய்த் தடை போய்விடும். செவ்வந்தியின் வீட்டில் மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீர் ஊற்றும்வரை எண்ணெய் தொடக் கூடாது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்று நன்றாகத் தெரிந்தவர் மேரி. அந்த ஒரு கேள்வி அன்று அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை செங்கல்பட்டில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. செவ்வந்தி. பின்னால் பூஜா கத்துவது கேட்டது.

"இன்னாத்தக் குடுத்த நீ? கன்னமெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி செவந்து போச்சி! எரியுது எரியுதுன்னு துடிக்கிறா!"

"எதுல கலந்தீங்க செவ்வந்திம்மா?"

"தண்ணியிலதான். மூணாந் தண்ணி ஊத்தாம எண்ணெ எப்படித் தொடுறது? உன் தைலம் பாக்க எண்ணெ மாதிரியே இல்ல, தண்ணியாட்டம் இருந்துச்சு. அதான் வேப்பிலத் தண்ணியில வுட்டு, பஞ்சுல தொட்டு வெச்சேன்."

தைலம் தண்ணீரில் கரையாது. மேலே மிதக்கும். பஞ்சை வைத்தால் மிதப்பது முழுவதும் பஞ்சில் ஏறி, அப்படியே தோலில் இறங்கும். தேங்காய் எண்ணெய் அதன் வேகத்தைத் தணிப்பதற்காகத்தான். அந்த எண்ணெயைத்தான் செவ்வந்தி பக்தியோடு விலக்கிவிட்டிருந்தார்.

"எத்தினி சொட்டு?"

"பதினஞ்சு. தண்ணிதானே, வேகம் இருக்காதுன்னு..."

"உடனே தேங்காண்ணெய தொட்டு மெதுவாத் தொடச்சி எடுங்க. அதுல வந்துடும்."

"அது மட்டும் முடியாது மேரி. அம்மா இன்னும் வூட்லதான் கீறா."

"அப்போ தண்ணி. வெறும் தண்ணி. கன்னத்துமேல ஊத்திக்கினே இருங்க, நிறுத்தாதீங்க. தேய்க்காதீங்க. நான் வந்துக்கினே கீறேன்."

பீட்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ போ. என் கண்ணு எங்கயும் ஓடிடாது" என்றார். மேரி உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி சாலவாக்கத்தில் இறங்கினார். வழியெல்லாம் ஜெபம் செய்தார். பாதி ஜெபத்தில், மாரியாத்தா, நீயும் பாத்துக்கோ என்று சேர்த்துக்கொண்டதாக அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

பூஜாவின் இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பு. நடுவில் தோல் உப்பியிருந்தது. பக்கத்தில் அந்தக் கிண்ணம், வேப்பிலைத் தண்ணீரின் மேல் தைலம் படலமாக மின்னிக்கொண்டிருந்தது. செவ்வந்தி கத்தினார். பெண் பிள்ளை, அதுவும் முகம், இனி இவளை எவன் பார்ப்பான், வாசல்படி ஏற விட்டதே தப்பு என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றார் மேரி.

"மூணாந் தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது."

மேரி வெளியே போனார். வாசல் மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து, சேட்டு பிடித்து வந்திருந்த ஆட்டோவின் முன்கம்பியில் கட்டினார். பூஜாவின் மடியில் ஒரு கொத்து வைத்தார். "அம்மாவ வூட்ல வுட்டுட்டுப் போகல செவ்வந்திம்மா. கூட்டிக்கினுதான் போறோம். ஏறுங்க" என்றார். சேட்டு மனைவியின் தோளைத் தொட்டு, "ஏறும்மே" என்றார். செவ்வந்தி ஏறினார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்ன வயது லேடி டாக்டர். கன்னத்தைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "யார் இதைப் போட்டது?" என்றார். செவ்வந்தி வாயைத் திறந்தார். அதற்குள் மேரி முந்திக்கொண்டார்.

"என் பாட்டிலு மேடம். கலக்குற வெதத்த நான் செரியாச் சொல்லல."

டாக்டர் பத்து நிமிடம் திட்டினார். நீ என்ன படித்திருக்கிறாய், இது விளையாட்டா, கண்ணில் பட்டிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். மேரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமா மேடம்" என்றார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனசில் ஓடியது ஒன்றுதான்: குழி விழுமா, விழாதா? கடைசியில் அதைக் கேட்டும்விட்டார்.

"மேல் தோல்தான் வெந்திருக்கு. களிம்பு தரேன். பொருக்கு கட்டும், அரிக்கும். பத்து நாள் அதுமேல கையே படாம பாத்துக்கிட்டா தப்பிக்கலாம். பிச்சு எடுத்தா தழும்பு நிக்கும்" என்றார் டாக்டர்.

பத்து நாள். மேரி வேறு எந்த ஊருக்கும் வண்டியை எடுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு சாலவாக்கம் போய், மாலை பூஜாவுக்குச் சாப்பாடு ஆனதும் திரும்பினார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வராதே என்றும் சொல்லவில்லை. பையில் ஒரு புட்டிகூட எடுத்துப் போகவில்லை. சேட்டுவிடம் ஒன்றே ஒன்று கேட்டார், விதைக்கு வைத்திருக்கும் வேர்க்கடலை மூட்டையை உள்ளே கொண்டுவந்து போடச் சொன்னார். பூஜாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடலை உரித்தார்கள். இரண்டு கைக்கும் வேலை இருந்தால் கன்னத்துக்குப் போகாது என்பது மேரியின் கணக்கு. விதைக் கடலையைத் தோல் கீறாமல் பார்த்து உரிக்க வேண்டும், மனசும் அதிலேயே நிற்கும்.

"மேரிக்கா, அரிக்குது."

"இன்னும் பத்து உரி. அப்பால சொல்லு."

"உரிச்சாச்சு. இன்னும் அரிக்குது."

"அப்போ இன்னும் பத்து."

மூன்றாம் நாள் பூஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு எப்படி இவ்ளோ குழி?"

"எனுக்கு ஆறு வயசு. எங்கம்மா நடவுக்குப் போய்ட்டா. போகலன்னா சோறு கெடையாது. என் கையில ஒரு வேப்பிலக் கொத்தக் குடுத்து, அரிச்சா இதால தடவிக்கோன்னா. நான் கொஞ்ச நேரம் தடவினேன். அப்பால கொத்தப் போட்டுட்டேன்." மேரி கடலைத் தொலியை ஊதித் தள்ளினார். "பக்கத்துல ஒரு ஆளு இருந்திருந்தா கையப் புடிச்சிருப்பாங்க. அவ்ளோதான் விசயம். உரி, நீ நிறுத்தாத."

செவ்வந்தி சமையல்கட்டு வாசலில் நின்று இதைக் கேட்டார். அந்தப் பத்து நாளும் அவர் மேரியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காகிதக் கப்பில் மோர் வரும், மேரிக்கு எட்டுகிற தூரத்தில் வைக்கப்படும், அத்தோடு சரி. முகத்தை நேராகப் பார்ப்பதும் கிடையாது. கோபம் ஆறவில்லை என்று மேரி நினைத்துக்கொண்டார். ஆறாது, நியாயம்தான், என் பெண்ணாக இருந்தால் எனக்கும் ஆறாது என்று பீட்டரிடம் சொன்னார்.

ஆறாம் நாள் மத்தியானம் மேரி கை கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தார். இரண்டு நிமிடம் இருக்காது. திரும்பி வந்தபோது பூஜா கண்ணயர்ந்து, இடது கன்னம் தலையணையில் புதைய ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எழுப்பித் திருப்பினார். தலையணை உறையில் ஒரு பொட்டு ரத்தம். பொருக்கின் ஓரம் ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பெயர்ந்திருந்தது. மேரி களிம்பு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கை கழுவக்கூட, பூஜா விழித்திருக்கும்போது மட்டும்தான் எழுந்து போனார்.

பத்தாம் நாளுக்கு மறுநாள், கன்னம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த மூன்றாவது தண்ணீர். கொல்லையில் வெயிலில் வைத்துச் சூடேறிய அண்டாவில் வேப்பிலை மிதந்தது. செவ்வந்தி மகளை மணையில் உட்காரவைத்துச் சொம்பு சொம்பாக ஊற்றினார். மேரி கிணற்றடிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரோடு கடைசிப் பொருக்குகள் கரைந்து போயின. பூஜா தலை துவட்டி வந்து வெயிலில் நின்றாள். கன்னம் முழுவதும் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல், வழவழவென்று. ஓர் இடத்தில் மட்டும், காதுக்கு இரண்டு விரல் முன்னால், துவரம்பருப்பு அளவில் ஒரு குழி.

மேரி கிட்டே போய், கன்னத்தைத் தொடாமல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணு வுழுந்துடுச்சி" என்றார்.

"வுடுங்க மேரிக்கா. கிரீம் போட்டா தெரியவே தெரியாது" என்றாள் பூஜா. "மிச்சமெல்லாம் போச்சுல்ல?"

மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. திண்டாட்டமான ஒரு காரியம் பாக்கி இருந்தது. பெண்ணின் முதுகிலும் கால்களிலும் இன்னும் அரிப்பு இருந்தது. இனி எண்ணெய்க்குத் தடை இல்லை. அன்று பையில் அவர் லாவண்டர் புட்டியைக் கொண்டுவந்திருந்தார். அதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரியாமல் ஜிப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இந்த வீட்டில் இன்னொரு புட்டியைத் திறக்க இனி வாய் வருமா? பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தார்.

செவ்வந்தி உள்ளே போனார். ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் ஒரு கிண்ணத்தையும் எடுத்துவந்து மேரியின் முன்னால் வைத்தார்.

"நீ எண்ணி வுடு. ஆறு. நான் தொட்டு வெக்கிறேன்."

"மூஞ்சில வேணாம் செவ்வந்திம்மா. முதுகுக்கும் காலுக்கும் மட்டும். மொதல்ல மொழங்கையில..."

"தெரியும்."

செவ்வந்தி சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். பழைய செய்தித்தாள் ஒன்றைத் தானே மடியில் விரித்துக்கொண்டார். இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து அதன்மேல் வைத்தார். முதல் நாள் படிமேல் விட்டுப்போன நகவெட்டி. அவருடைய பத்து விரலிலும் நகம் அப்படியே இருந்தது.

பிறகு இரண்டு கைகளையும் மேரியின் பக்கம் நீட்டினார். மேரி உட்கார்ந்து, தன் கையை முந்தானையில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார்.